நாலரை மணி டோக்கன்

இருபத்தெட்டு மூட்டுகளை எண்ணிக் குறிப்பதுதான் என் வேலை. தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டி பத்து, விரல்களின் நடுமூட்டு பத்து, முழங்கால் இரண்டு. டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துச் சொல்லுவார். நான் தாளில் குறிப்பேன். ஓசூரில் முடக்குவாதத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் இதைச் செய்துவிட்டு, போன ஈஸ்டர் முடிந்த வாரம் ஓய்வு பெற்றேன்.

இப்போது அங்கே நோயாளிகளின் போனுக்கே கேள்வி போய்விடுகிறது. காலையில் எழுந்ததும் வலி எவ்வளவு, கை எத்தனை நேரம் இறுகிக் கிடந்தது என்று போன் கேட்கிறது. அவர்கள் வீட்டிலிருந்தே பதில் தட்டிவிடுகிறார்கள். என் இடத்தில் இப்போது உட்காரும் பெண்கள், "போன் இல்லாதப்ப எப்படிக்கா இதையெல்லாம் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் கொடுங்க, கிளினிக் மலர்ல போடுறோம்" என்றார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கலையெல்லாம் தெரியாது. ஆனால் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நன்றாகத்தான் செய்தேன். ஒரு இடத்தில் தவறினேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும்.

எங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், எங்கள் பங்குச் சாமியார் சொல்லி, கிளினிக்கில் பெயர் பதியும் வேலையில் சேர்ந்தேன். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் வெள்ளைக் கோட்டு போட்டதால் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதலில் மறுத்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

டாக்டர் சேலத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். கன்னடமும் தெலுங்கும் அவருக்கு நன்றாகத் தெரியும். வந்தவர் எந்தப் பாஷையில் முனகினாரோ அதே பாஷையில் பதில் சொல்லுவார். அவருக்கென்று ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பேன். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் அதில் கை நனைத்துத் துடைத்துக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் விரல் தானாகச் சுருங்கும், அப்புறம் வீக்கம் எது, சுருக்கம் எது என்று தெரியாது என்பார். பிறகு நோயாளியின் மூட்டைத் தன் கட்டைவிரலால் அழுத்துவார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு அளவு இருந்தது: தன் நகத்தடியில் உள்ள சிவப்பு வெளுக்கும் வரை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அழுத்தும்போது கையைப் பார்க்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். வாய் "இல்லீங்க" என்று சொல்லும், ஆனால் கண் இமை ஒரு துடிப்புத் துடிக்கும். அவர் "வலி" என்பார். நான் பொம்மைத் தாளில் அந்த மூட்டின்மேல் ஒரு சிலுவைக் குறி போடுவேன். "வீக்கம்" என்றால் வட்டம். பொம்மைத் தாள் என்பது ஒரு ஆள் உருவம் வரைந்து, அதில் இருபத்தெட்டு மூட்டுக்கும் புள்ளி வைத்த தாள்.

இதோடு ரத்தப் பரிசோதனை. கடைசியில் ஒரு கோடு. பத்து சென்டிமீட்டர் நீளம். இந்த முனையில் வலியே இல்லை, அந்த முனையில் தாங்கவே முடியாத வலி. நோயாளியே பேனாவால் தன் வலி எங்கே இருக்கிறது என்று கோடு போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் ஒரு மார்க் போடுவார். எங்கள் கிளினிக்கில் மார்க் குறைந்தால்தான் பாஸ். மார்க் ஏறினால் மருந்தை ஏற்றுவார், இறங்கினால் அப்படியே விடுவார், பல மாதம் இறங்கியே இருந்தால் மருந்தைக் குறைப்பார்.

இதில் பெரிய தொல்லை அந்தக் கோடுதான். நம் ஜனங்கள் அதில் பாதியைத் தாண்டமாட்டார்கள். கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி இருக்கும். பேனாவைக் கொடுத்தால் கோட்டின் தொடக்கத்தில் புள்ளி வைப்பார். கேட்டால், "சாமி இந்த அளவுக்காச்சும் நடக்க வெச்சிருக்காரு. நான் போயி வலிக்குதுன்னு எழுதிக் குடுத்தா அவருக்கு எப்படி இருக்கும்?" என்பார். எனக்கு அவர் சொல்வது புரிந்தது. நானும் ஜெபத்தில் முதலில் நன்றிதான் சொல்லுவேன், குறை அப்புறம்தான். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "அமலாம்மா, அவங்க சாமிகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லட்டும். என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லச் சொல்லுங்க."

என் யோசனை ஒன்று அங்கே இன்றைக்கும் நடக்கிறது. இந்த நோய்க்கு முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுவது. தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. ஆனால் எந்தக் கிழமை என்று மறந்துவிடுவார்கள். ஷிப்டு வேலைக்காரர்களுக்கு வார லீவும் மாறி மாறி வரும், அதனால் லீவு நாளில் போடு என்றும் சொல்ல முடியாது. நான் ஒவ்வொருவரிடமும் எந்தக் கிழமை சாமி கும்பிடுவீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். முருகனைக் கும்பிடுகிறவருக்குச் செவ்வாய், மாரியம்மனுக்கு வெள்ளி, பெருமாளுக்குச் சனி, பாய் வீட்டுப் பெண்களுக்கு ஜும்மா நாள், எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு. விரதம் இருந்தால் ராத்திரி சாப்பிட்ட பிறகு. அந்தக் கிழமையை அட்டையில் சிவப்பு மையில் எழுதி, அவர்களையே வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். சாமி கும்பிடும் நாளை யாரும் மறப்பதில்லை. அதற்குப் பிறகு மாத்திரையைக் கிழமை மாற்றிப் போட்டேன் என்று எங்களிடம் வந்தவர் மிகவும் குறைவு. இதை நான் பெருமையாகவே சொல்லுவேன்.

டோக்கன் கொடுப்பதும் என் பொறுப்புதான். அதிலும் எனக்குப் பெருமை இருந்தது. ஓசூர் டவுனில் இருப்பவர்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து டோக்கன். பர்கூர், வேப்பனப்பள்ளி என்று தூரத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர்களைப் பதினொன்றரைக்கு மேல் வரச் சொல்லுவேன். அவர்கள் அவசரப்பட்டு ஓடிவரக் கூடாது என்று. கம்பெனியில் முதல் ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்கு நாலரை மணி. இரண்டு மணிக்கு வேலை விட்டு, வீட்டுக்குப் போய், குளித்து, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று. "சிஸ்டர் மாதிரி யாரு பாத்துப் பாத்துச் செய்வாங்க" என்று என்னை வாழ்த்துவார்கள். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

அந்த நாலரை மணிக்காரர்களில் ஒருத்தி ரத்னம்மா. வேப்பனப்பள்ளிப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். முப்பத்து நாலு வயது. புருஷன் விட்டுப் போய்விட்டான். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஓசூரில் ஒரு லைன் வீட்டில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கி, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தாள். ஒயர் நுனியில் இருக்கும் சின்னப் பித்தளை முனையை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் 'டிக்' என்று சத்தம் வரும் வரை அழுத்திச் சொருக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாமல் அந்த வேலை இல்லை.

கிளினிக்குக்கு வரும்போது அவளைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல இருப்பாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டி வருவாள். எப்படி இருக்கம்மா என்றால், "பரவால்லீங்க சிஸ்டர், நல்லா இருக்கேன்." டாக்டர் அழுத்துவார், முகம் மாறாது. தாளில் இரண்டு சிலுவை, மூன்று சிலுவைதான் விழும். ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் நினைத்தார். அதற்கு முன் ஒருமுறை கைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

எக்ஸ்ரே வந்ததும் அதை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு அவர் ரொம்ப நேரம் நின்றார். வலது மணிக்கட்டு எலும்பின் ஓரம் எலி கடித்தது போல அரித்திருந்தது. நடுவிரலிலும் மோதிர விரலிலும் புதிதாகப் பள்ளம். பழைய எக்ஸ்ரேயில் இது எதுவும் இல்லை. மார்க் பாஸ், எலும்பு பெயில்.

அவர் ரத்னம்மாவிடம் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா? நிறுத்திட்டியா?"

"சத்தியமா போடறேன் சார்" என்று அவள் அழுதாள்.

அவர் நம்பினாரோ இல்லையோ, நான் நம்பவில்லை. அவளை வெளியே அழைத்துப் போய் நன்றாகத் திட்டினேன். இப்படியே போனால் இன்னும் ஒரு வருடத்தில் அந்தக் கையால் சோறு பிசைய முடியாது, உன் மகளுக்கு யார் கதி என்று கேட்டேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்தத் திட்டு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். தினமும் காலைப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோவில் கேட்டுக்கு எதிரேதான் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடம். ரத்னம்மாவைத் திட்டிய அடுத்த வாரம் ஒரு நாள், விடிவதற்கு முன்னால் நான் கேட்டருகே வரும்போது, எதிரே முதல் ஷிப்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்திக்கு இன்னொருத்தி கம்பெனிக் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குப் போடுவது போல. அடையாள அட்டையையும் அவளே கழுத்தில் மாட்டிவிட்டாள். நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கடந்து போக இருந்தேன். பிறகுதான் முகம் தெரிந்தது. ரத்னம்மா.

அவளுடைய டீ கப்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள். விரல் ஒன்றும் மடங்கவில்லை, நீளவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு ஒரு மாத்திரை அட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

நான் ரோட்டைக் கடந்து போனேன். என்னைக் கண்டதும் அவள் அட்டையைக் கோட்டுப் பைக்குள் தள்ளப் பார்த்தாள், கை ஒத்துழைக்கவில்லை, கீழே விழுந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். நாங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை இல்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுக்கிற ஸ்டீராய்டு. கூடவே ஒரு வலி மாத்திரையும் இருந்தது.

"எத்தனை நாளா இது?"

 பட்டன் போட்டுவிட்ட பெண்தான் பதில் சொன்னாள். "நாளா? வருஷக் கணக்கா நடக்குது சிஸ்டர். தெனமும் நாந்தான் இவளுக்கு ஆயா. தலை சீவி, பின்னு குத்தி, பஸ்ஸுக்கு இட்டுக்கினு வருவேன். எட்டு மணி வரைக்கும் இவ சொருகறதையும் நானே சொருகுவேன். அதுக்கு மேல ராணி மாதிரி ஆயிடுவா, என்னையே வெரட்டுவா."

ரத்னம்மா அப்புறம் சொன்னாள். "காலைல இது என் கையே இல்லீங்க சிஸ்டர். யாரோடதோ. இதப் போட்டாத்தான் எட்டு மணிக்கு மேல எங்கிட்ட வருது."

கிளினிக் வரும் நாளில் மத்தியானமும் இன்னொன்று போட்டுக்கொள்வாளாம். ஏன் என்றேன். டாக்டர் முன்னால் முகம் சுளித்தால் கை போய்விட்டது என்று எழுதிவிடுவார், எழுதினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், காண்ட்ராக்ட் ஆளை மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். "அவ்ளோ பெரிய டாக்டரு நமக்காக மெனக்கெடுறாரு. அவருகிட்டப் போயி ஒண்ணும் சரியாவலன்னு எப்படிங்க சொல்றது? மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?"

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது அவள் கம்பியைக் கையால் பிடிக்கவில்லை, முழங்கையை மடித்து அதில் மாட்டிக்கொண்டு ஏறினாள். படியில் நின்று திரும்பி, "டாக்டருகிட்டச் சொல்லிடாதீங்க சிஸ்டர். உங்க மாதா மேல ஆணை" என்றாள்.

அன்றைய பூசையில் என்ன வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. மாதா மேல் ஆணை என்பது எங்களுக்குச் சின்ன வார்த்தை இல்லை. என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக்கூட மீறியிருக்கிறேன், மாதா பெயரைச் சொல்லிக் கேட்டதை மீறியதில்லை. மண்டியிட்டபடி யோசித்தேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் என் நெஞ்சில் வந்து குத்தியது. இந்த நோயில் கை இறுகுவது காலையில்தான். நேரம் போகப் போகத் தளரும். இது எனக்கு முதல் வருடமே தெரியும், ஆயிரம் பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் அவளை நாலரை மணிக்கு வரச் சொன்னது யார்? மாத்திரை போட்டு அவள் மறைத்தது பாதி என்றால், மீதிப் பாதியை என் டோக்கன் மறைத்திருந்தது. அவளுடைய மோசமான நேரத்தில் ஒரு தடவையாவது டாக்டர் அவளைப் பார்த்ததே இல்லை.

எழுந்திருக்கும்போது முடிவு செய்துவிட்டேன். ஆணையை மீறிய பாவம் என்னோடு இருக்கட்டும், மாதாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

டாக்டர் வந்ததும் முதல் நோயாளியை உள்ளே விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், டோக்கனையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"ஒரு வருஷமா நாம பார்த்தது ரத்னம்மாவை இல்ல, அமலாம்மா" என்றார். "அவங்க போட்ட மாத்திரையைப் பார்த்துட்டு இருந்திருக்கோம்."

பிறகு நாலரை மணிக்காரர்களின் தாள்களையும் ஒன்பது மணிக்காரர்களின் தாள்களையும் எடுத்து வரச் சொன்னார். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினோம். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது மணித் தாள்களில் சிலுவைகளும் வட்டங்களும் நிறைந்திருந்தன. நாலரை மணித் தாள்கள் வெள்ளையாகக் கிடந்தன. நான் போட்ட குறிகள்தான் எல்லாமே, என் குண்டு எழுத்து.  அவர், "டோக்கன் கொடுத்தது நீங்க. அந்த நேரத்துல பார்த்துட்டு மார்க் போட்டது நான்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் தப்பு என்று ஒருநாளும் பேசியதில்லை.

ரத்னம்மாவுக்கு அந்த வாரம் வியாழக்கிழமை லீவு. காலை ஆறரைக்கு வரச் சொன்னார். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, அதனால் அன்றைய மாத்திரையைக் கையில் கொண்டுவர வேண்டும், பார்த்து முடித்ததும் இங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு வர நானே லைன் வீட்டுக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ஆணை போட்டேனில்ல சிஸ்டர்."

"போட்ட. பாவம் என் தலைமேல. நீ வா. குளிக்காம வா, பூ வைக்காம வா."

"அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும்த்தா."

வியாழக்கிழமை அவள் பழைய நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, அந்தக் கூட்டாளிப் பெண்ணின் தோளில் சாய்ந்து வந்தாள். மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். டாக்டர் வெந்நீரில் கை நனைத்துத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். தோளிலேயே அவள் "அம்மா" என்றாள். முழங்கை. மணிக்கட்டைத் தொடும் முன்பே உதட்டைக் கடித்தாள். "வலி, வீக்கம். வலி, வீக்கம். வலி." என் பேனா நிற்கவில்லை. முடிந்தபோது எண்ணினேன். வலி பத்தொன்பது, வீக்கம் பதினாலு. இரண்டு, மூன்று என்று நான் குறித்துக்கொண்டிருந்த அதே உடம்பு.

பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து, முள் இருபதில் நிற்கும்படி வைத்து அவள் கையில் கொடுத்தார். இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடியின் பலம் எவ்வளவோ அவ்வளவு முள் ஏறும். நாலரை மணிக்கு இதே பெண் நூற்றெழுபதுக்குத் தள்ளியிருக்கிறாள். இப்போது முகமெல்லாம் வியர்க்கப் பிடித்தாள். முள் நாற்பதைத் தொட்டுத் திரும்பியது.

கடைசியாகக் கோட்டுத் தாளையும் பேனாவையும் வைத்தார். அவள் பேனாவை இரண்டு கையாலும் பிடித்து, பழக்கப்படி கோட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் காத்திருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிக்கலாமாங்க சார்?"

"உன் வலிம்மா. எங்க இருக்கோ அங்க வை."

பேனா நகர்ந்தது. ஏழு, எட்டு, ஒன்பதைத் தாண்டி நின்றது. கோடு போட்டுவிட்டு அவள் விசும்பி விசும்பி அழுதாள். கூட்டாளிப் பெண் அவள் வாயில் மாத்திரையைப் போட்டு, தண்ணீரைப் புகட்டினாள். அழுகை அடங்கும் வரை டாக்டர் எதுவும் எழுதவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் வைத்தியம். வாரத்து மாத்திரையை ஊசியாக மாற்றி அளவைக் கூட்டினார். அதோடு வேறு இரண்டு மருந்தைச் சேர்த்தார், அதில் ஒன்று கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனைக்கும் அனுப்பினார். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல், எந்த வாரம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. மாதாமாதம் ரத்தமும் ஈரலும் சோதித்தோம். கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதா வேண்டாமா என்று அவளையே கேட்டார். அவள் மூன்று மாதம் யோசித்து, எழுதுங்கள் என்றாள். பயந்தபடி வேலை போகவில்லை. அங்கே ஒரு லைன் லீடர் நல்ல மனுஷி. சொருகும் வேலையிலிருந்து எடுத்து, சொருகியது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் மேஜையில் போட்டாள், ஷிப்டையும் எட்டரை மணி ஷிப்டாக மாற்றினாள்.

கிளினிக்கில் என் டோக்கன் முறையைத் தலைகீழாக்கினேன். மூன்று தடவைக்கு ஒரு தடவை எல்லோரும், எந்த ஊராக இருந்தாலும், எந்த ஷிப்டாக இருந்தாலும், காலை ஏழு மணிக்கு வர வேண்டும், வரும் வரை வலி மாத்திரை போடக் கூடாது. வெளியில் வாங்கி ஸ்டீராய்டு எதுவும் போட்டால் மறைக்காமல் கொண்டுவந்து காட்ட வேண்டும். பாராட்டிய வாய்கள் எல்லாம் திட்டின. பர்கூரிலிருந்து வரும் ஒரு பெரியவர், "உனக்கென்னம்மா, நீ பக்கத்துத் தெருவுல தூங்கி எழுந்து வர்ற" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கேட்டுக்கொண்டேன். அவர் அடுத்த காலையில் வந்தபோது தாளில் பதினொரு சிலுவை விழுந்தது. அவருக்கும் மருந்து மாறியது. அப்படி மாறியவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

ரத்னம்மாவுக்கு வலியும் வீக்கமும் அடங்க எட்டு மாதம் ஆனது. ஒன்பதாம் மாதம் டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, பென்சில் முனையால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுக்கொண்டு போனார். 

"புதுசா ஒரு பள்ளம்கூட இல்ல" என்றார். "மணிக்கட்டு நின்னுடுச்சும்மா. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டும் தப்பிச்சது."

தப்பிக்காததும் இருந்தது. வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் கொக்கி போல மடிந்தே நின்றுவிட்டன. வலியில்லை, ஆனால் இனி நிமிராது. அரித்த எலும்பை எந்த மருந்தும் திருப்பித் தராது. ஒரு வருடம் முன்னாலேயே காலையில் பார்த்திருந்தால் அவையும் நிமிர்ந்தே இருந்திருக்கும் என்பது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நான் பின்னாலேயே போனேன். அதுவரை அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் சாமியாரிடம் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து என்ன பயன்? நாலரை மணிக்கு உன்னை வரச் சொன்னது நான்தான், உன் கை தளர்ந்த பிறகே டாக்டர் உன்னைப் பார்த்தார், அந்த இரண்டு விரல் என்னால் போனது, மன்னித்துக்கொள் என்றேன். அவளைத் திட்டியதற்கும் சேர்த்துக் கேட்டேன்.

அவள் வலது கையைத் தூக்கி, மடிந்த விரல் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் இல்லை விடுங்க என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். நம் ஜனங்கள் அப்படித்தானே சொல்லுவார்கள்.

"ஆமாங்க சிஸ்டர்" என்றாள். "இதுல ஒண்ணு உங்களால போச்சு. ஒண்ணு நான் மாத்திரை போட்டு மறைச்சதால போச்சு. ஆளுக்கு ஒண்ணு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது என்னுடையது என்று கேட்டேன். அவள் யோசிக்காமல் நடுவிரலைக் காட்டினாள். பிறகு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று, தன் கோட்டின் பட்டன்களைத் தானே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.